எல்லையில் நின்ற சாதிக்காய் மரம்

பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தின் கடைசியில் எங்கள் வீடு இருந்தது. பலகைச் சுவர், ஓட்டுக் கூரை, பின்னால் ஒரு கிணறு, கிணற்றைத் தாண்டிக் கொஞ்சம் தோட்டம். தவுக்கே என்று இங்கே சொல்லும் ஒரு சீன முதலாளியின் வீடு அது. நாங்கள் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஏஜண்டின் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. நான் கல்யாணமான கையோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவள். வந்த முதல் மாதம் மழை விடவே இல்லை. பேச ஆளில்லாமல், பின்வாசலில் நின்று பக்கத்து வீட்டுத் தோட்டத்தைப் பார்த்தபடியே அந்த மாதத்தைக் கழித்தேன்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலி என்று ஒன்று கிடையாது. வேலி இருக்கவேண்டிய இடத்தில் செடிகள் இருந்தன. நாலைந்து செம்பருத்திப் புதர், அதை ஒட்டி ரம்பை, செரை என்று இங்கே சொல்லும் வாசனைப் புல், கிணற்றடி ஈரத்தில் சேம்பு, கோடியில் ஒரு கறிவேப்பிலை. எது எங்கள் மண்ணில் நிற்கிறது, எது அவர்கள் மண்ணில் நிற்கிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கறிவேப்பிலையின் தூர் அந்தப் பக்கம், கொப்பெல்லாம் இந்தப் பக்கம். ஒருநாள் தயங்கித் தயங்கி ஓர் இணுக்கை ஒடித்தேன். செம்பருத்திக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"ஒடிங்க, ஒடிங்க. ஒடிச்சாத்தான் துளிர்க்கும். சொந்த வீட்டுச் செடிக்கு இப்படிப் பயந்தா எப்படி லா?"

அப்படித்தான் அக்காவை அறிந்தேன். என்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் பெண். கைலியும் முழங்கால்வரை தொங்கும் சட்டையும் போட்டுக்கொண்டு, தலையில் மெல்லிய துண்டு ஒன்றை எப்போதும் நழுவவிட்டபடி நடப்பார். பேச்சில் பாதி மலாய் கலந்திருக்கும். அந்த வீடு அவருடைய தாயார் விட்டுப்போன வீடு. அவருடைய கணவருக்குச் சூலியா தெருவில் சின்னதாக ஒரு துணிக்கடை. நாகூர்ப் பக்கம் முதல் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கொருமுறை கப்பலேறிப் போய்ச் சில மாதம் இருந்துவிட்டு வருவார். நல்ல மனிதர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அக்காவுக்குக் குழந்தை இல்லை என்று சந்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லையில் இரண்டு சாதிக்காய் மரங்கள் நின்றன. எங்கள் பக்கத்து மரம் காய்க்கும். அவர்கள் பக்கத்து மரம் உயரமாக, குடை விரித்தாற்போல அடர்ந்து நிற்கும். ஒரு காய் விட்டதில்லை. அது ஆண்மரம். மணி மணியாக மஞ்சள் பூ பூத்து உதிர்க்கும், அவ்வளவுதான். கிளைகள் பாதி எங்கள் தோட்டத்துக்கு மேலே நீண்டிருந்தன.

"இது மாப்பிள்ளை, அது பொண்ணு. மாப்பிள்ளை சும்மா நின்னுட்டே இருப்பாரு. வேலையெல்லாம் பொண்ணுதான் செய்யணும்" என்று சொல்லி அக்கா சிரிப்பார்.

மாப்பிள்ளை சும்மா நிற்கவில்லை, இலை உதிர்த்தது. காலையில் எழுந்ததும் எனக்குக் காதில் விழும் முதல் சத்தம் அக்காவின் ஈர்க்குமாறுதான். மரத்தைத் திட்டிக்கொண்டே கூட்டுவார். "காய்க்கவும் மாட்டே, ஓயவும் மாட்டே. என் இடுப்பை ஒடிக்கிறதுக்குன்னே நிக்கிறியா?" என்பார். எங்கள் பக்கம் விழுந்த இலைகளை நானே கூட்டலாமென்று துடைப்பத்தோடு போனால் விடமாட்டார். "நீ விடு தங்கச்சி. இது என் வேலை" என்று செம்பருத்தியை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவார். வீட்டில் மற்ற வேலைக்கெல்லாம் ஆள் கூப்பிடுகிறவர், அந்த மரத்தடியை மட்டும் யாரையும் கூட்டவிட்டதில்லை. அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

எங்கள் மரத்துக் காய்களை நாங்கள் பங்கிட்டுக்கொண்டோம். ஒரு பகுதியை ஹொக்கியன் சீனப் பெண் ஒருத்தி காவடிக் கூடையோடு வந்து எடுத்துப் போவாள். மீதியை அக்கா சதையைச் சீவி உப்பிலும் சர்க்கரையிலும் ஊறவைத்து, தட்டுக்களில் பரப்பி வெயிலில் காயவைப்பார். அவருடைய தட்டுக்கள் எங்கள் கிணற்றுத் திட்டில்தான் இருக்கும், வெயில் அங்கேதான் நன்றாக விழும். காகம் விரட்டுவது என் பொறுப்பு. எங்கள் முருங்கையிலிருந்து கீரையும் காயும் அந்தப் பக்கம் போகும். எனக்கு மகள் பிறந்த பிறகு அவளும் அந்தப் பக்கம் போக ஆரம்பித்தாள். செம்பருத்திகளுக்கு நடுவில் அவள் தவழ்ந்து தவழ்ந்தே ஒரு வழி உண்டாகிவிட்டது. அக்கா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் சாதிக்காய் நிழலில் நடந்தபடியே சோறு ஊட்டுவார்.

ரப்பர் விலை விழுந்த காலம் வந்தது. என் கணவரின் அண்ணன் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தபோது அவரையும் நிறுத்திவிட்டார்கள். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு மண்வெட்டியுமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நான் அவரைப் பெரியத்தான் என்று அழைப்பேன்.

அவர் வந்த முதல் சில வாரம் நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழும் நேரத்துக்கே எழுந்துவிடுவார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, போக இடமில்லாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தம்பி ஆபீசுக்குக் கிளம்பும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாப்பாடு போட்டால், "கொஞ்சமா வைம்மா, உக்காந்திருக்கிறவனுக்கு எதுக்கு?" என்பார்.

ஒருநாள் காலையில் அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மண்வெட்டியோடு பின்பக்கம் போனார். மாலைக்குள் எல்லையோரமாக இரண்டு பாத்தி கொத்தி முடித்திருந்தார். அதன்பிறகு அவர் வேறு ஆள். அவரை, புடலை, பயற்றங்காய், கீரை என்று விதை தேடி பசாருக்குப் போனார். மூங்கில் வாங்கிப் பந்தல் போட்டார். எங்கள் வீட்டுக்குத் தான் சும்மா வந்திருக்கவில்லை என்று அந்தப் பாத்திகளைக் காட்டி அவர் சொல்லிக்கொண்டதுபோல இருந்தது.

ஆனால் வெயில் இல்லை. பாத்திக்கு மேலே சாதிக்காய் மரம் குடை பிடித்திருந்தது. அவரை கொடி வீசி, வெளிறி, பூக்காமலே நீண்டது. கீரை நூலாக முளைத்துச் சாய்ந்தது. பெரியத்தான் தினமும் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார். கிளையைக் கழிக்கலாமா என்று ஒருமுறை என் கணவரிடம் கேட்டார். "அவங்க மரம் அண்ணே. நாம எப்படிக் கை வைக்கிறது?" என்றார் இவர். பேச்சு அதோடு நின்றுவிட்டது என்று நான் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் கெப்பாலா பத்தாஸில் அக்காவின் தங்கை மகளுக்குக் கல்யாணம். நானும் வரவேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். கப்பலிலிருந்து இறங்கியதிலிருந்து நான் தீவை விட்டு வெளியே போனதே இல்லை. என் கணவர் சரியென்றார். மகளைத் தூக்கிக்கொண்டு இருவரும் டிராமில் ஏறி ஜெட்டி என்னும் படகுத்துறைக்குப் போனோம், பெரிப் படகில் அக்கரை போய் பஸ் பிடித்தோம். வழியெல்லாம் நெல்வயல். அக்கா பள்ளிக்கூடப் பெண்போலப் பேசிக்கொண்டே வந்தார். இரண்டு இரவு அங்கே தங்கினோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த நாட்கள் குறைவு.

திரும்பி வந்து சந்துக்குள் நடக்கும்போதே எனக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. வீடுகளுக்குப் பின்னால் வானம் அதிகமாகத் தெரிந்தது. என்னவென்று நான் யோசிப்பதற்குள் அக்கா கையிலிருந்த பலகாரக் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கமாக ஓடினார்.

மரம் இல்லை. இடுப்பளவுக்கும் கீழே ஒரு அடிமரம் மட்டும் நின்றது. வெட்டுவாயில் சிவந்த நீர் கசிந்து பட்டையில் வழிந்திருந்தது. சாதிக்காய் மரத்தின் பால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தோட்டமெல்லாம் காரமான வாசனை. கிளைகளைத் துண்டு போட்டு விறகாக இரண்டு வீட்டுக்கும் சமமாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

பெரியத்தானும் அக்காவின் கணவரும் அங்கேயே நின்றிருந்தார்கள். எங்கள் இருவருக்கும் அதிசயம் காட்டக் காத்திருந்தவர்கள் மாதிரி முகம்.

"பாய் எவ்வளவு நல்ல மனுஷர் தெரியுமா?" என்றார் பெரியத்தான் என்னிடம். "சும்மா பேச்சுவாக்கில வெயில் இல்லேன்னு சொன்னேன். மறுநாளே ஆள் கூட்டிட்டு வந்துட்டார்."

அக்காவின் கணவர் கூச்சத்தோடு சிரித்தார். "அண்ணே பாவம், அவ்வளவு பாடுபடுறாரு. காய்க்காத மரத்தை வச்சுக்கிட்டு நாம என்ன செய்யப்போறோம்?" என்று சொல்லிவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார். "உனக்கும்தான். தினம் இடுப்பு போச்சு இடுப்பு போச்சுன்னு சொல்லிட்டிருந்தே. இனிமே அந்தத் தொல்லை இல்ல."

அக்கா அடிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வேரைத் தோண்டிட்டீங்களா?"

"இல்லை. அது பெரிய வேலை. அப்புறம் பாத்துக்கலாம்."

"வேணாம். தோண்டாதீங்க."

அவ்வளவுதான். கூடையை எடுத்துவர மறந்து வீட்டுக்குள் போய்விட்டார். நான்தான் வாசலுக்குப் போய் அதை எடுத்துவந்து கொடுத்தேன். உள்ளே அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஒரு வாரம் கழித்து, கிணற்றடியில் யாருமில்லாத ஒரு மத்தியானம், அவராகவே சொன்னார்.

"எனக்கு ஒரு மக இருந்தா தங்கச்சி."

நான் துணியை அலசுவதை நிறுத்திவிட்டேன்.

"நீ வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. அவரு ஊருக்குப் போயிருந்தாரு. பிறந்தது, காய்ச்சல் கண்டது, போனது, எல்லாம் அவரு திரும்பி வர்றதுக்குள்ளே முடிஞ்சிருச்சு. பல்லு கூட முளைக்கல. அவரு முகமே பாக்கல." தலைத்துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பிறந்த அன்னைக்கு மலாய் மருத்துவச்சி நஞ்சுக்கொடியைக் கழுவி, உப்பும் புளியும் வச்சு, அந்த மரத்தடியில புதைச்சா. எங்க உம்மாதான் குழி தோண்டினது. மலாய்க்காரங்க சொல்லுவாங்க, அது பிள்ளையோட கூடப் பிறந்ததுன்னு. பிள்ளையை அடக்கம் பண்ண மையவாடிக்குக் கொண்டு போயிட்டாங்க. பொம்பள, நான் அங்கே போக முடியாது. இது வீட்டிலேயே இருந்துச்சு."

"பாய்கிட்டச் சொல்லலையா அக்கா?"

"எதைச் சொல்றது? வந்த மனுஷன் பிள்ளை போச்சுன்னு கேட்டே ஒடிஞ்சு போயிட்டாரு. மண்ணைக் காட்டி இங்கே பாருன்னு சொல்லவா? இப்பச் சொன்னா இன்னும் மோசம். செஞ்சதை நினைச்சுச் செத்துப் போயிடுவாரு." என் கையைப் பிடித்தார். அவருடைய கை ஈரமாக இருந்தது, என்னுடையதும்தான். "உங்க பெரியத்தானுக்கும் தெரியவேணாம். அவரு மேலயும் தப்பில்ல. நானேதானே மரத்தை நாள் பூரா திட்டிக்கிட்டிருந்தேன்? யாருக்குத் தெரியும்?"

யாருக்குமே தெரியாதுதான். எத்தனையோ காலை நான் அந்த ஈர்க்குமாற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறேன். அது மரத்தோடு பேசுகிற சத்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

வெயில் விழுந்ததும் பாத்தி பிடித்துக்கொண்டது. பந்தல் முழுக்க அவரை ஊதாப் பூவாகப் பூத்தது. முதல் காய்ப்பை பெரியத்தான் பறித்து, ஒரு முறத்தில் நிரப்பி, என்னிடம் கொடுத்தார்.

"முதல்ல பாய் வீட்டுக்குக் கொண்டு போ. அவங்க தந்த வெயில் இது."

நான் அதைத் தூக்கிக்கொண்டு செம்பருத்தி வழியாக நடந்தேன். கைகள் கனத்தன. அக்கா வாசலுக்கு வந்து முறத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலி முறத்தைத் திருப்பித் தரும்போது, "ரொம்ப இளசா நல்லா இருந்துச்சுன்னு சொல்லு" என்றார். அதைச் சொன்னதும் பெரியத்தானின் முகம் மலர்ந்தது. அதற்குப்பிறகு ஒவ்வொரு காய்ப்பிலும் முதல் முறம் அங்கேதான் போயிற்று. ஒவ்வொரு முறையும் நான்தான் கொண்டுபோனேன்.

கொஞ்சநாளில் பெரியத்தானுக்கு மூன்றாவது பாத்தி வேண்டியிருந்தது. அந்த அடிமரத்தைப் பெயர்த்துவிடலாம், பாயிடம் கேட்கிறேன் என்றார். "அது இருக்கட்டும் பெரியத்தான். பிள்ளைக்குத் தலை வாரி விடவும் முறத்தை வைக்கவும் எனக்குத் தோதா இருக்கு" என்றேன். அவர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்; அவரிடம் நான் எதையும் கேட்டதே இல்லை. "அப்படியா? சரிம்மா, இருக்கட்டும்" என்று அந்தப் பேச்சை விட்டுவிட்டார். அக்காவுக்காக என்னால் செய்ய முடிந்தது அந்த ஒன்றுதான்.

ஏற்கெனவே பிடித்திருந்த காய்களை எங்கள் மரம் முற்ற வைத்து உதிர்த்தது. புதிதாகப் பிடித்தவை மிகக் கொஞ்சம். மழை அதிகம் என்றார் என் கணவர். மரத்துக்கு வயதாகிவிட்டது என்றார் பெரியத்தான். அக்கா என்னிடம் மட்டும், "மாப்பிள்ளை போயிட்டாரு, பொண்ணு எப்படிக் காய்க்கும் லா?" என்றார். ஹொக்கியன் பெண் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு வெறுங்கூடையோடு போனாள், பிறகு வருவதையே விட்டுவிட்டாள். கிணற்றுத் திட்டில் அக்காவின் தட்டுக்கள் இல்லை. காகம் விரட்ட எனக்கு வேலை இல்லை. அக்கா பின்பக்கம் வருவதும் மெல்லக் குறைந்தது. என்மேல் கோபமில்லை, பார்த்தால் பேசுவார், மகளைத் தூக்குவார். ஆனால் கூட்டுவதற்கு இலை இல்லாதபோது காலையில் அவருக்கு அங்கே வரக் காரணமும் இல்லை.

துணிக்கடை அந்தக் காலத்து நெருக்கடியில் தாக்குப்பிடிக்கவில்லை. அக்காவின் கணவர் அதை வேறொருவரிடம் விட்டுவிட்டு ஊருக்குக் கப்பலேறினார். போகும்போது வழக்கம்போலச் சில மாதத்தில் வருவதாகத்தான் சொன்னார். அங்கே உடம்புக்கு முடியாமல் போயிற்று, பிள்ளைகள் விடவில்லை. அவர் திரும்பி வரவே இல்லை. அக்கா தாயார் வீட்டை விற்றுவிட்டுக் கெப்பாலா பத்தாஸுக்குத் தங்கையிடம் போனார். கிளம்பும் காலையில் பின்பக்கம் போய் அடிமரத்துப் பக்கத்தில் கொஞ்சநேரம் நின்றார். நான் சமையலறைக்குள்ளேயே இருந்துகொண்டேன். அந்த நேரம் அவருக்கு மட்டும் உரியது என்று பட்டது.

வீட்டை வாங்கியவர்கள் ஒழுங்கு பிடித்த மனிதர்கள். முதல் வேலையாக ஆள் வைத்து எல்லையை அளந்து, செம்பருத்தியையும் ரம்பையையும் வெட்டி, தகர வேலி அடைத்தார்கள். அடுத்தபடி அடிமரத்தைத் தோண்டினார்கள். கடப்பாரை வேரில் விழும் சத்தம் கேட்டது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

ரப்பர் விலை கொஞ்சம் ஏறியதும் பெரியத்தானுக்கு வேறொரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. மண்வெட்டியை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். ஒரு மழைக்காலத்துக்குள் பாத்திகளில் லாலான் புல் மண்டிவிட்டது. அவ்வளவு ஆசையாகப் போட்ட தோட்டம், இரண்டு வருஷம் காய்த்திருக்குமா என்றுகூடச் சந்தேகம்.

ஒருமுறை அக்காவைப் பார்க்கப் போனேன். வயலோரமாக ஒரு வீட்டில் தங்கையின் பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் இருந்தார். இளைத்திருந்தார். என் மகளை நிறுத்தி, உயரத்தைப் பார்த்து, "எவ்வளவு வளர்ந்துட்டா லா!" என்று கன்னத்தைத் தடவினார். பாய் இறந்துபோனதைச் சொன்னார். பெரியத்தானைப் பற்றிக் கேட்டார்.

"வேலை கிடைச்சிருச்சு அக்கா. போயிட்டார்."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப அவரைப் பந்தல்?"

"இல்லை. எல்லாம் புல்லு."

அக்கா, "நல்லா காய்ச்சுச்சே" என்று மட்டும் சொன்னார். தகர வேலியைப் பற்றியோ கடப்பாரையைப் பற்றியோ நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று வைத்திருந்தாரோ என்னவோ.

பெருநாளுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பெருநாளில் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. அடுத்ததற்கு நான் பிரசவத்துக்குக் காத்திருந்தேன். ஒருவழியாகக் கிளம்பிப் போனபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். குடும்பத்தோடு கெடா பக்கம் போய்விட்டார்கள், எந்த ஊர் என்று தெரியவில்லை, வயசான அம்மா ஒருவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார் என்றார்கள். எந்த அம்மா என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வரும்போது பெரிப் படகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அது மனதில் பட்டது. அன்று கிணற்றடியில் அவர் எல்லாவற்றையும் சொன்னார்; உப்பும் புளியும்வரை சொன்னார். அந்தப் பெண் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது யாரும் இல்லை.